நம்பர் இல்லாத ஆந்தை

அழகம்மா அத்தை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தோளில் ஒரு நீளக் கம்பு இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டுகிற கம்பு என்று தோன்றும். ஆனால் நுனியில் அரிவாள் இருக்காது. தீப்பெட்டி அளவில் ஒரு கேமராவும் அது நனையாமலிருக்கச் சுற்றிய நீல பிளாஸ்டிக் பையும் இருக்கும். முழங்கால் தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போன பிறகு சுங்கைப்பட்டாணி இயற்கைச் சங்கம் அவருக்குக் கொடுத்தது அது. செம்பனைகளுக்கு நடுவே கம்பங்கள் நட்டு, அவற்றின் மேல் ஆந்தைக்கு மரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். அத்தை கம்பை உயர்த்திப் பெட்டியின் வாசலில் கேமராவை வைத்து, கையிலிருக்கும் போனில் பார்ப்பார். ஆந்தை இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, குஞ்சு இருக்கிறதா. பார்த்ததைப் போனில் தட்டி அனுப்பிவிட்டு அடுத்த பெட்டிக்கு நடப்பார்.

அந்த நடையைப் பார்க்கும்போது, பெட்டிகள் ஒவ்வொன்றாக அவரிடம் நடந்து வந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவருக்கு அடுத்த வீடுதான் நான்.

"என்னா அத்தை, களைப்பா?"

"களைப்பெல்லாம் இல்லடா. தூக்கத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்னு போச்சு, அவ்வளவுதான்."

கெடா மாநிலத்தில் செமிலிங்கிலிருந்து மெர்போக் போகிற பாதையில் உள்ளே பிரியும் செம்மண் சாலையில் இருக்கிறது எங்கள் தோட்டம். ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. ஆந்தைக்கு முன்னால் அத்தை பார்த்தது எலி மருந்து வேலை. சிவப்பு மெழுகுக் கட்டியை மரத்தடிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போக வேண்டும். எலி தின்று சாகும். அந்த எலியைத் தின்ற பூனை சாகும். பூனையைத் தேடி வந்த பிள்ளை அழும். அத்தை அந்தப் பிள்ளையின் தாயிடம் திட்டு வாங்குவார். இப்படியே வருடங்கள் போயின.

அறுபது வயதானதும் தோட்டத்து வீட்டை நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அத்தைக்குக் கணவர் இல்லை. மகள் குணவதி பிறை பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில் மாமியாரோடு இருக்கிறாள். அங்கே போனால் கூடத்தில் படுத்துக்கொள்ளலாம். "கூடத்துல படுக்கிறவ எல்லாருக்கும் முன்னாடி எந்திரிக்கணும், எல்லாருக்கும் பின்னாடி படுக்கணும். டீவிய நிறுத்தச் சொல்ல முடியாது" என்பார் அத்தை. இங்கே அவருக்கு ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே அவரே நட்ட ரம்புத்தான் மரம் உண்டு. அது இல்லாமல் எப்படிச் சாவது என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஆந்தைத் திட்டம் வந்தது. தோட்டக் கம்பெனி, இயற்கைச் சங்கம், எங்கள் தமிழ்ப்பள்ளி, மூன்றும் சேர்ந்து நடத்துவது. மருந்துக்குப் பதிலாக ஆந்தை எலியைப் பிடிக்கும், பிள்ளைகள் அதைக் கவனித்துப் பதிவு செய்வார்கள், இயற்கையையும் கற்றுக்கொள்வார்கள். முதலில் இருபத்தொன்றாம் பிளாக்கில் மட்டும் நடத்திப் பார்ப்பது என்று முடிவானது. துணிப்பதாகைக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பெட்டிகளைத் தினமும் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் தோட்டத்து வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்றார் மேனேஜர். ஒருவரும் கையைத் தூக்கவில்லை. வெள்ளை முகமும் அலறல் குரலுமாக இருக்கிற அந்தப் பறவைக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் சாவுக்குருவி.

அத்தைதான் கையைத் தூக்கினார்.

முதல் ஆண்டு தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்றாம் லயத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். எண்பது தாண்டியவர், இனிப்புநீர் வியாதி, ஒரு காலை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். ஆனால் முதல் நாள் இரவு லயத்துக்கு மேலே சாவுக்குருவி கத்தியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். மறுவாரம் இரண்டு பெட்டிகளை யாரோ கம்பால் இடித்துத் தள்ளிவிட்டார்கள். மேனேஜர் அத்தையை ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு பெட்டி விழுந்தா திட்டத்த மூடிருவேன்மா. பழையபடி மருந்துதான். மருந்து வைக்க கான்ட்ராக்ட் ஆளுங்க இருக்காங்க." மிச்சத்தை அவர் சொல்லவில்லை. வீட்டைப் பற்றித்தான் அந்த மிச்சம்.

ஆடிப் படையலன்று முனியாண்டி கோயிலில் சோறு இறங்குவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது.

"லயத்துக்குப் பக்கத்துல சாவுக்குருவிய வளக்குறாங்க, கேக்க ஆளில்ல!"

"மலாய்க்காரங்களே அத புருங் ஹந்துன்னுதான் சொல்றாங்க, பேய்க்குருவின்னு. நாம மட்டும் பெட்டி செஞ்சு குடி வைக்கிறோம் லா!"

"யாரு குடி வச்சா? அழகம்மாதான். தான் இருக்க வீடு வேணும்னு எமனுக்கு வீடு வாடகைக்கு விட்டுருக்கு."

சிரித்தார்கள். அத்தை ஒரு கையில் தட்டும் மறுகையில் கோயில் தூணுமாக நின்றிருந்தார். அந்தச் சிரிப்பு எழும்பாமல் இருந்திருந்தால் அவர் பேசியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

"ஏன்டா, முனி எதுல காவல் சுத்துறாரு? வெள்ளைக் குதிரையிலன்னு உங்க அப்பனுங்க சொன்னாங்கல்ல? இந்தச் செம்பனைக்குள்ள குதிரை ஓடுமா? முள்ளு மட்டையா கெடக்கு. அதான் றெக்கைக்கு மாறிக்கிட்டாரு. வெள்ளையா வருது, சத்தமில்லாம வருது, எலியப் புடிக்குது. கம்ப எடுத்து அடிச்சீங்களே, யார அடிச்சீங்கன்னு தெரியுமா?"

பூசாரி பழனியாண்டி மற்ற நாட்களில் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். அவர் அத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருநீற்றை அள்ளி அத்தையின் நெற்றியில் பூசினார். சோறு பரிமாறப்பட்டது.

அதற்குப் பிறகு பெட்டிமேல் ஒரு கல் விழவில்லை. ஆந்தைகள் குடிவந்தன, முட்டையிட்டன. ஆந்தை தான் தின்ற எலியின் முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிப் போடும். தமிழ்ப்பள்ளி உமையாள் டீச்சர் அவற்றைப் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கவைத்து, பள்ளிக்கூடத்தில் பழைய நாளிதழை விரித்துப் பல்குச்சியால் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு பையன் எலி மண்டையோட்டைப் பென்சில் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அடி வாங்கினான். மருந்துக் கட்டி இருபத்தொன்றாம் பிளாக் பக்கமே வரவில்லை. சங்கத்தின் ஒருங்கிணைப்பாளர் சத்தியசீலன் மாதம் ஒருமுறை வந்து, அத்தையின் வீட்டில் பாலில்லாத கோப்பி ஓ குடித்துவிட்டு, "கெடாவுலயே நம்ம பிளாக்குதான் அக்கா நல்லா போகுது" என்று சொல்லிவிட்டுப் போவார். அத்தை கொஞ்சம் தூங்கியிருப்பார், அந்த நாட்களில்.

தவறு நம்பரில் இருந்தது.

சங்கம் ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் போட்டிருந்தது. இருபத்தொன்றாம் பிளாக்கின் ஏழாவது பெட்டி என்றால் 2107. பிள்ளைகள் எட்ட நின்றே படிக்கட்டும் என்று மஞ்சள் தகட்டில் கறுப்பாகப் பெரிதாக எழுதி ஆணியடித்தார்கள். நாலு நம்பர் லாட்டரி கட்டுகிற இந்த நாட்டில் நான்கு இலக்கத்தை அப்படிப் பொதுவில் தொங்கவிடக் கூடாது என்று மூன்று தரப்பில் ஒரு தரப்புக்கும் தோன்றவில்லை. கார் மோதிக்கொண்டால் அடிபட்டவனைத் தூக்குவதற்கு முன் கார் நம்பரை எழுதிக்கொள்கிற ஊர் இது. அதுவும் சாமி குடியிருக்கிற பெட்டியின் நம்பர்.

தீபாவளிக்கு முந்தின வாரம் லாட்டரியில் 2107 விழுந்தது. முதல் பரிசுகூட இல்லை, ஆறுதல் பரிசுதான். அதில் பணம் கட்டியவன் எங்கள் தோட்டத்து லோரி டிரைவர். அவன் அந்தப் பெட்டிக்கு மஞ்சள் துணி கட்டினான். அடுத்த வெள்ளிக்கிழமை பீடோங்கிலிருந்து ஒரு காடி நிறைய ஆட்கள் வந்தார்கள். பிறகு சுங்கைப்பட்டாணியிலிருந்து, பிறகு பாலிங்கிலிருந்துகூட வந்தார்கள். 2107 ஏற்கெனவே விழுந்துவிட்டதால் மற்றப் பெட்டிகளின் முறை வரும் என்று பிளாக் முழுக்கச் சுற்றினார்கள். கம்பத்தடியில் கற்பூரம், கட்டுக்கட்டாய் ஊதுபத்தி, சுருட்டு, திறந்து வைத்த பீர் டின். கம்பத்தைத் தட்டி, "சாமி, ஒரு நம்பர்" என்று கேட்டார்கள். உள்ளே அடைகாத்திருந்த ஆந்தை பயத்தில் சீறும். எத்தனை தடவை சீறியது என்று எண்ணி அதையும் எழுதிக்கொண்டார்கள். ஒரு குடும்பம் சேவலைக் கட்டிவிட்டுப் போனது. அத்தை அதை அவிழ்த்துவிட்டார். அது இன்னும் யாருக்கும் சொந்தமில்லாமல் எங்கள் லயத்தில் கூவித் திரிகிறது.

அத்தை தடுத்துப் பார்த்தார். "புகை போடாதீங்கப்பா, உள்ள முட்டை இருக்கு." அவர்கள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, அவர் நகர்ந்ததும் கொளுத்தினார்கள்.

2107-இன் ஆந்தைதான் முதலில் போனது. போனில் முட்டைகள் மட்டும் தெரிந்தன. மறுநாளும் முட்டைகள் மட்டும்தான். அதன் பிறகு ஒவ்வொரு பெட்டியாக. ஒவ்வொரு முறையும் கம்பைத் தூக்கிப் பார்த்து, 'இல்லை' என்று தட்டி அனுப்பிக்கொண்டே வந்தார்.

சத்தியசீலன் ஒரு சனிக்கிழமை வந்தார். சுருட்டுத் துண்டுகளையும் கருகிய புல்லையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கம்பத்தைச் சுற்றி வந்தார்.

"யாருக்கா இத ஆரம்பிச்சது?"

அத்தை கேமராவின் கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

சத்தியசீலன் வடிகால் கானோரச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். அவரும் களைத்த மனிதர்தான். "கூட்டு முயற்சி, கூட்டு முயற்சின்னு பத்து எடத்துக்கு ஓடுறேன் அக்கா. எல்லாரும் கூட்டா செய்யறது படம் எடுத்துக்கிறது மட்டும்தான். மாசக் கடைசியில மேனேஜருக்கு ரிப்போட் கொடுக்கணும். ஆந்தை இல்லாத பிளாக்குக்கு ஆந்தைத் திட்டம் எதுக்குன்னு கேப்பாரு."

"கேட்டா?"

"மருந்துதான். அப்புறம் உங்க வீடு..." அவரும் மிச்சத்தைச் சொல்லவில்லை. அத்தைக்கு அந்த மிச்சம் பழகிப்போயிருந்தது.

அன்று மாலையே அத்தை டிராக்டர் கொட்டகைக்குப் போனார். பழனியாண்டி சக்கரத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். டயருக்குக் காற்றடிக்கப் போன நான் பம்பைப் பிடித்தபடி அங்கேதான் நின்றேன். இருவரும் என்னைப் பொருட்படுத்தவில்லை.

"அண்ணே, அன்னைக்குப் படையல்ல சொன்னது நானா சொன்னது. சாமி சொல்லல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"சாமி வந்தா முட்டி வலிக்காது தங்கச்சி. நீ தூணப் புடிச்சிக்கிட்டுல்ல பேசுன."

அத்தைக்குக் கோபம் வந்தது. "அப்புறம் எதுக்குத் துன்னூறு போட்ட?"

"சண்டை நிக்கட்டும்னுதான். சோறு ஆறிக்கிட்டு இருந்துச்சு."

பழனியாண்டி சேற்றை இன்னும் கொஞ்சம் சுரண்டிவிட்டுச் சொன்னார்: "இன்னொன்னு சொல்லிப்புடு. சாமிக்குப் புகை ஆகல, எட்ட நின்னு கும்பிடுங்கன்னு. நானும் ஆமான்னு சொல்றேன்."

"ஒன்னு சொன்னதுக்கே ஒரு பிளாக்கு போச்சு. இன்னொரு பொய்யத் தூக்கிக்கிட்டு நடக்க இந்த முட்டியில பெலம் இல்லண்ணே."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 2107-க்கு முன்னால் நல்ல கூட்டம். அத்தை கம்பை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்றார். அவர் இப்படிச் சொன்னார், நான் கேட்டேன்:

"இங்க பாருங்க. இது ஆந்தை. வெறும் ஆந்தை. எலி திங்கும், எச்சம் போடும், குஞ்சு பொரிக்கும். முனின்னு சொன்னது நான். என் வீடு போயிரும்னு பயந்து சொன்னேன். நீங்க போடுற புகையில எல்லாம் ஓடிப் போச்சு. பெட்டி காலியா கெடக்கு. வீட்டுக்குப் போங்க."

இவ்வளவையும் சொல்லி முடிக்க அவர் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். அவமானப்பட்ட பிறகு மனிதருக்கு வருகிற ஒரு லேசான தன்மை அவர் முகத்தில் வந்ததைப் பார்த்தேன். அது நிலைக்கவில்லை.

பீடோங்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா, சோதிக்கிறாரு!"

"நீ சொன்னதா நீ நெனக்கிற அக்கா. ஒன் வாயில அவரு வந்துட்டுப் போனது ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றான் லோரி டிரைவர், மிகவும் அன்பாக.

"அவதான் தெளிவா சொல்றால்ல, கேளுங்க லா!" என்று பழனியாண்டி பின்னாலிருந்து கத்தினார்.

"பூசாரிக்குப் பொறாம. கோயில்ல கூட்டம் கொறஞ்சிருச்சுல்ல."

யாரோ அத்தையின் காலைத் தொடக் குனிந்தார்கள். அவர் காலை இழுத்துக்கொண்டதில் முட்டி மடங்கிக் கம்பைப் பிடித்துத் தொங்கினார். சாமி வருகிறது என்று நான்கு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

ஆந்தை திரும்பி வர மேனேஜர் தைப்பூசம் வரை தவணை கொடுத்தார். குணவதி போன் செய்து, கூடத்து அலமாரியை நகர்த்திவிட்டதாகச் சொன்னாள். அத்தை, "சரி ஆயி" என்றார். ஒரு பெட்டியில் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். கட்டவும் களைப்பாக இருந்தது அவருக்கு.

பழைய ரப்பர் காலத்துப் புகைக் கொட்டாய் ஒன்று பிளாக்கின் கடைசியில் பாழடைந்து நிற்கிறது. ரப்பர் தாள்களைப் புகைபோட்டு உலர்த்திய இடம். ஒரு நாள் நடுப்பகலில், மேற்கொண்டு நடக்க முடியாமல் அத்தை அதன் படியில் உட்கார்ந்தார். காலுக்குப் பக்கத்தில் தரையில் உருண்டைகள் கிடந்தன. கறுத்து, இன்னும் ஈரம் காயாமல் பளபளத்தன. பழைய உருண்டை சாம்பல் நிறமாய் உதிரும், இது உதிரவில்லை. அத்தை உட்கார்ந்தபடியே கம்பைத் தூக்கி உத்திரத்தின் இடுக்கில் நுழைத்தார். போனில் ஒரு வெள்ளை முகம், அதன் பின்னால் பஞ்சு மூட்டைகளாய்க் குஞ்சுகள்.

"இங்கயா இருக்கீங்க" என்று மட்டும் கேட்டாராம்.

போன் செய்ததும் சத்தியசீலன் வேலையைப் போட்டுவிட்டு வந்தார். கொட்டாயின் இருட்டில் அண்ணாந்து பார்த்து, சிறுபிள்ளைபோல் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு காடியிலிருந்து சுத்தியலும் ஆணியும் புது மஞ்சள் தகடும் எடுத்து வந்தார்.

"அது என்னாது தம்பி?"

"நம்பர்க்கா."

"வேணாம்."

"நம்பர் இல்லாட்டி பதிவு ஏறாது அக்கா. ஏறாட்டி ரிப்போட்டுல வராது. ரிப்போட்டுல வரலன்னா மேனேஜர் கையெழுத்துப் போட மாட்டாரு. ஒங்க வீடு போயிரும்." இந்த முறை மிச்சத்தையும் சொல்லிவிட்டார்.

அத்தை படியில் உட்கார்ந்தார். தகட்டை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். அந்த நான்கு இலக்கத்தில் அவருடைய ஜன்னல் இருந்தது, ரம்புத்தான் மரம் இருந்தது.

"என் வீட்டுக்குன்னு நான் ஒன்னு சொன்னேன், இதுங்க வீடு போச்சு. இன்னொரு தடவ வேணாம் தம்பி. நம்பர் போட்டா பத்து நாள்ல இங்கயும் கற்பூரம் வந்துரும்." தகட்டைத் திருப்பிக் கொடுத்தார். "மேனேஜருக்கு வேணும்னா நேர்ல வந்து பாக்கச் சொல்லு. வரலன்னா நான் பிறைக்குப் போறேன். போனா போவுது."

மேனேஜர் வருவார் என்று சத்தியசீலன்கூட நம்பவில்லை. அவர் வந்தார். பொழுது சாய்கிற நேரம், கொசுவை அடித்துக்கொண்டு, பத்து நிமிடம்தான் என்று சொல்லிக்கொண்டு நின்றார். உத்திரத்திலிருந்து ஒரு வெள்ளை சத்தமே இல்லாமல் அவர் தலைக்கு மேலாகப் போனது. அவர் பின்வாங்கிச் சுவரில் இடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அது எலியோடு திரும்பி வந்தது. குஞ்சுகளின் சீறல் கொட்டாய் முழுக்கக் கேட்டது. மேனேஜர் கைகட்டி நின்றார். கைகட்டியதை அவர் கவனித்திருக்க மாட்டார்.

"ஒரு வருசம்," என்றார் வெளியே வந்து. "ரிப்போட்டுல நான் பாத்தேன்னு எழுதிக்கங்க. எடத்த எழுத வேணாம்."

அத்தை தலையாட்டினார். நன்றி சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. பாதி கட்டிய பாத்திரப் பெட்டி அவிழ்க்கப்படாமல் இன்னும் அவர் வீட்டு மூலையில் இருக்கிறது. ஒரு வருடம்தானே, திரும்பக் கட்டுவதற்கு யாரால் முடியும் என்கிறார். நான் தோட்டத்தின் பெயரை இங்கே எழுதாததற்கும் மேனேஜர் சொன்னதுதான் காரணம்.

பழைய பெட்டிகளையும் அவர் பார்க்கத்தான் வேண்டும், அது வேலை. போன வெள்ளிக்கிழமை 2107-க்கு அவர் போனபோது புதிதாக ஒருவர் கற்பூரத் தட்டோடு காத்திருந்தார். அத்தை கம்பை உயர்த்துவதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"உள்ள இருக்காராம்மா?"

அத்தை போனைப் பார்த்தார். காய்ந்த இலை ஒன்று கிடந்தது.

"யாருமில்லய்யா. ஒன்னுமே இல்ல."

வந்தவர் கண்ணை மூடி அதை மனதுக்குள் வாங்கிக்கொண்டார். பிறகு பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அப்ப நாலும் சைபரா போடலாங்களாம்மா?"

அத்தை கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, 2108-ஐப் பார்க்க நடந்தார்.